மூடிக்கொண்ட மூன்று விரல்கள்

என் வலது கையில் கட்டைவிரல் இருக்கிறது, சுண்டுவிரல் இருக்கிறது. நடுவிலிருந்த மூன்றும் பிரஸ் மெஷினில் போய்விட்டன. போன விரல்கள் மூன்றும் இறுக மூடிக்கொண்டிருக்கின்றன என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. சொல்வதையே நிறுத்திவிட்டேன். ஆனால் அது அப்படித்தான். விரல்கள் மடங்கி, நகங்கள் உள்ளங்கையைக் குத்துகின்றன. உள்ளங்கை என்னிடம் இருப்பதால் வலிக்கிறது. விரல்கள் என்னிடம் இல்லாததால் பிரித்துவிட வழியில்லை. இடது கையால் பிரிக்கப் போனால் காற்றுதான் அகப்படுகிறது.

ஒரு தடவை அது பிரிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. மற்றதெல்லாம் பழகிவிட்டது. ஸ்பூனால் சாப்பிடுகிறேன், இடது கையால் சட்டைப் பித்தான் போடுகிறேன். ஊரப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பகல் வாட்ச்மேன் வேலை. வண்டி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் எந்த வீட்டுக்கு என்று போனில் தட்ட வேண்டும். ஒருநாள் முஷ்டி இறுகியபோது அப்படியே நின்றுவிட்டேன். கேட்டுக்கு வெளியே கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, எனக்கு அது எங்கேயோ கேட்டது. குடியிருப்பின் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி நின்றால் ஏஜென்சியில் வேறு ஆள் கேட்க வேண்டியிருக்கும் என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கேட்டைத் திறக்கத்தானே ஆள் வைத்திருக்கிறார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாரும் துரத்தவில்லை, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். பரோட்டா கடையில் மாவு பிசைந்தேன். லாரியில் கிளீனராக விஜயவாடா வரை போய் வந்தேன். கேளம்பாக்கம் பக்கம் எழும்பிய கட்டடங்களுக்கு டைல்ஸ் சுமந்தேன். கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறினேன். எங்கும் நிலைக்கவில்லை. கொஞ்ச காலம் நிலைத்தது தாம்பரத்தில், சாவுக்கு வாசிக்கிற ஒரு மேள செட்டில்தான்.

அதுவும் தானாக அமைந்தது. டீக்கடையில் உட்கார்ந்து மேசையைத் தட்டிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்தவன் இடுப்பில் குச்சிகளைச் செருகியிருந்தான். என் வயதுதான் இருக்கும். என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

"இன்னா மச்சான், அந்த டேபிளு ஒன்ன இன்னா பண்ணுச்சி? பாவம், வுட்ரு. எங்க கைல தோலு கீது, வந்து அத அடி."

அவன் சட்டி அடிக்கிறவன். சட்டி என்பது இடுப்போடு கட்டிக்கொண்டு இரண்டு குச்சியால் அடிக்கிற சின்ன மேளம். சத்தம் சுரீர் என்று இருக்கும். எனக்கு டோலக் கொடுத்தார்கள். அவனுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே டோலக்கின் சின்ன முகத்தில் வலது கை விரல்களால் அடிக்க வேண்டும். அவன் குச்சியில் சொல்வதை என் விரல்கள் தோலில் திருப்பிச் சொல்லும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஒன்றாக நடந்ததில் வந்தது. அடுத்த அடியை அவன் எங்கே வைக்கப் போகிறான் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. விரல்களுக்குத் தெரிந்திருக்கும். அவன் குச்சி இறங்கும்போது என் விரலும் இறங்கியிருக்கும்.

செட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குழியில் மண் விழுந்த பிறகு மேளத்தைத் தொடக்கூடாது. திரும்பி வரும் வழியில் குச்சிகளை இடுப்பில் செருகிக்கொள்வோம். டோலக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிடுவேன், கை தவறிக்கூடத் தோலில் பட்டுவிடக்கூடாது. பட்டால் போனவர் திரும்பிப் பார்ப்பார் என்பார்கள். நான் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் ஒருநாளும் மீறியதில்லை.

கொஞ்ச வருஷத்தில் அதுவும் சலித்தது. மழைக்காலம் முழுக்க நனைந்த மேளத் தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மறைமலை நகர் பக்கம் பட்டறைகளில் ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். கிளம்பிவிட்டேன். சட்டிக்காரன் தடுக்கவில்லை. "போ, போ. அங்க மெஷினு அடிக்கும், நீ ஆடு" என்றான்.

அவன் விளையாட்டாகச் சொன்னதுதான் நடந்தது. சாலையோரமாக இருந்த சின்னப் பட்டறை அது. தகட்டை உள்ளே வைக்க வேண்டும், கையை வெளியே எடுக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலிருந்து இரும்பு இறங்கித் தகட்டில் ஓட்டை போட்டுவிட்டு ஏறும். வை, எடு, மிதி. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்துகிற சென்சார் ஒன்று இருந்தது. வேலை மெதுவாகிறது என்று அதை அணைத்து வைத்திருந்தார்கள். எனக்கு அது தேவைப்படவும் இல்லை. இரும்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் உடம்பு அதோடு சேர்ந்துகொள்ளும். என்னைப் போல் பிசகாமல் வேலை செய்கிறவன் அந்த ஷிப்டில் இல்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். மேளத்தில் பழகின உடம்பு.

ஒரு மத்தியானம் வெளியே சாலையில் சாவு ஊர்வலம் போயிற்று. பிரஸ் சத்தத்துக்கு மேலாகச் சட்டி கேட்டது. எந்தச் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு வருவதற்குத்தானே சட்டி. யார் கை என்று எட்டிப் பார்க்காமலே தெரிந்தது. சிரித்துக்கொண்டேன். அப்போது அவன் நடையை ஒரு புது விதமாகத் திருப்பினான். இரண்டு நீள அடி, மூன்று குட்டி அடி, ஒரு அடி அளவுக்கு வெறும் இடம், பிறகு சட்டியின் ஓரத்தில் ஒரே ஒரு அடி. நான் செட்டில் இருந்தபோது அது கிடையாது. நான் போன பிறகு கட்டியிருக்கிறான். கேட்டதும் பிடித்துவிட்டது.

கை மெஷினின் நடையில் இருந்தது. கால் மேளத்தின் நடைக்குப் போய்விட்டது. ஓரத்து அடி விழுந்த இடத்தில் பெடல் மிதிபட்டது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு அவன்தான் முதலில் ஓடி வந்தான். சட்டைக் காலரில் ரோஜா இதழ்கள் ஒட்டியிருந்தன. பிணத்தின் மேல் வீசியது காற்றில் திரும்பி வந்து எங்கள் மேல்தான் எப்போதும் விழும். நான் அந்த இதழ்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி ஆயிற்று என்று கேட்டான். கவனம் பிசகிவிட்டது என்றேன்.

விரல்கள் நசுங்கிப்போனதால் ஒட்டவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பட்டறையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பியிருந்தார்கள். கவரை அவன் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தான்.

"ஏரிக்கரைல பொதச்சிட்டேன் மச்சான். சும்மா ஒண்ணும் பொதைக்கல. அடிச்சிதான் அனுப்பி வுட்டேன். மூணு பேருக்கும் ஒரே மேளம்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அவன் சிரிக்கவில்லை, என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காயம் ஆறிய பிறகுதான் முஷ்டி தொடங்கியது. மூன்று விரல்களும் ஒரு தடவை அந்தத் திருப்பை அடிக்கும். இரண்டு நீளம், மூன்று குட்டி, வெறும் இடம், ஓரத்தில் ஒன்று. அந்தக் கடைசி அடியோடு மூடிக்கொள்ளும். மூடினால் திறக்காது. திறக்காத முஷ்டியோடு நாள் முழுக்க இருக்க வேண்டும்.

எதையாவது கேட்டால் விரல்கள் விழித்துக்கொள்ளும். பஸ்ஸில் பாட்டு, கோயில் ஸ்பீக்கர், பக்கத்து சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ். கேட்கக்கூட வேண்டியதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. சாப்பாடு கொண்டுவருகிற பையன்கள் கேட்டில் காத்திருக்கும்போது பைக் டேங்கைத் தட்டுவார்கள். காதில் எதையோ மாட்டியிருப்பார்கள், எனக்கு ஒரு சத்தமும் கேட்காது. அவர்கள் விரல்களைப் பார்த்ததும் என் விரல்கள் முஷ்டிக்குள் துடிக்கும். அவர்கள் தப்பாகத் தட்டினால் இதுவும் தப்பாகத் தட்டும். யார் கையைப் பார்க்கிறேனோ அந்தக் கைக்குப் போய்விடும். என் விரல்கள் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலின் கதவோரம் நின்றிருந்தேன். பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற ரயில் கிளம்பியது. நாங்கள்தான் பின்னால் போகிறோம் என்று உடம்பு நினைத்துக்கொண்டது. எல்லோருக்கும் நடப்பதுதான். மற்றவர்கள் லேசாகத் தடுமாறிச் சரியாகிவிட்டார்கள். என் மூன்று விரல்கள் கம்பியைப் பிடித்தன. இரும்பின் குளிர்ச்சி தெரிந்தது. பார்த்தால் கை கம்பிக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ரயில் போய் முடிந்ததும் முஷ்டி மூடிக்கொண்டது.

அரசு ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். கல்லூரி முடித்துப் புதிதாக வந்தவள். நான் சொன்னதற்குச் சிரிக்காத முதல் ஆள் அவள். ஒரு கண்ணாடியை மேசையில் நடுவாக நிறுத்தி, வலது கையை அதற்குப் பின்னால் மறைத்துக்கொள்ளச் சொன்னாள். முன்னால் இடது கை. கண்ணாடிக்குள் பார்த்தால் அதுவே வலது கையாகத் தெரிந்தது, ஐந்து விரல்களோடு. இடது கையைத் திறந்து மூடச் சொன்னாள். கண்ணாடிக்குள் வலது கை திறந்து மூடியது. முஷ்டி கொஞ்சம் நெகிழ்ந்தது, திறக்கவில்லை. போனில் பாட்டுப் போட்டுப் பார்த்தாள். விரல்கள் துடித்தன, அதோடு சரி.

"பாட்டு கேக்கும்போது மூளையில கைய அசைக்கிற இடமும் சேந்து வேலை செய்யுதுண்ணா" என்றாள். "நீங்க அசைக்கணும்னு இல்ல. வேற யாராவது கை அசைக்கிறத பாத்தாலும் அப்படித்தான். உங்க விரல்தான் போச்சு, அந்த இடம் போகல. இன்னொண்ணு, அது அடி விழற வரைக்கும் வெயிட் பண்ணாது. முன்னாடியே ரெடி ஆயிடும்."

"கேக்கறதுக்கு முன்னாடியே காலு போயிடுமா மேடம்?"

காலைப் பற்றி நான் ஏன் கேட்டேன் என்று அவளுக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. முன்பு எப்படி வாசித்தேனோ அப்படியே, பக்கத்தில் வாசித்தவரையும் வைத்துக்கொண்டு, கண்ணாடியோடு முயன்று பாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

சட்டிக்காரனிடம் போய்ச் சொன்னேன். மேளங்கள் தொங்குகிற கொட்டகை வாசலில் உட்கார்ந்து தோல் கட்டிக்கொண்டிருந்தான். வாரை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அடிச்சி அனுப்ச்சத மறுபடி அடிச்சி கூப்ட சொல்றியா? எவனாவது செய்வானா?"

ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்றேன். ஆஸ்பத்திரிக்குச் செட்டு வைக்கத் தெரியுமா என்றான். அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் டீ வாங்கிக் கொடுத்தான், வேறு பேச்சுப் பேசினான். கடைசி தடவை நான் டீயை எடுக்கும்போது முஷ்டி மூடியது. டம்ளர் கீழே விழுந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது விடும்வரை அவன் என் பக்கத்திலேயே குந்தியிருந்தான். விட்ட பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கு நாங்க அந்தப் பக்கம்தான் ஒரு சாவுக்குப் போய்கினு இருந்தோம். ரோட்ல மேளம் போச்சின்னு பட்டறைல சொன்னானுங்க. அது எங்க செட்டா?"

இதை எத்தனை காலமாக வைத்திருந்தானோ. ஒரு நொடி தாமதித்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

"போடா. அது எவனோ. சட்டி அடிச்சானா ஓட்டை டப்பா தட்னானான்னே தெரில."

அவன் என்னைப் பார்த்தான். மெல்லச் சிரிப்பு வந்தது. "அப்போ நான் இல்ல" என்றான். டம்ளரை எடுத்துக் கழுவிவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரச் சொன்னான்.

சலூனில் கழற்றிப் போட்ட கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஓரத்தில் கீறல் இருந்தது. கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர்தான். டோலக்கின் சின்ன முகம் இடது கைக்கு வரும்படி திருப்பி வைத்தேன். கண்ணாடியை நடுவில் நிறுத்தினேன். வலது கை அதற்குப் பின்னால். என் வலது பக்கத்தில் அவன் சட்டியோடு உட்கார்ந்தான். என் கை எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது.

தொடங்குவதற்கு முன் அவன் வெளியே பார்த்து ஏதோ முணுமுணுத்தான். யாரிடம் மன்னிப்புக் கேட்டானோ. பிறகு நாங்கள் சேர்ந்து நடந்த காலத்து அடியை எடுத்தான், மெதுவான நடை. இடது கை திக்கித் திக்கிச் சேர்ந்தது. கண்ணாடியில் வலது கை வாசித்தது. கறுத்த, ஐந்து விரல் இருக்கிற, என்னுடைய கை. முஷ்டிக்குள் ஆள்காட்டி விரல் நகர்ந்தது. அப்புறம் மற்ற இரண்டும். நகங்கள் உள்ளங்கையை விட்டு ஒரு நூல் அளவு எழும்பின. அவன் நடையைக் கூட்டினான். பழைய அடிகளையே ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்தான், அடுத்தது எது என்று விரல்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் போய்க் காத்திருந்தன.

அவன் நிறுத்திவிட்டான்.

நானாக எதையும் அடிக்கவில்லை. இடது கை பழைய நடையில்தான் இருந்தது. ஆனால் உள்ளே விரல்கள் வேறு எங்கோ போயிருந்தன. இரண்டு நீளம், மூன்று குட்டி, வெறும் இடம், ஓரத்தில் ஒன்று. விரல் போனாலும் அதை இழுக்கிற நரம்பு முழங்கைக்குக் கீழே இருக்கிறது. தோலுக்கடியில் அது குதிப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டிக்காரனுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

"இத எங்க கேட்ட?"

நான் கண்ணாடியின் கீறலைப் பார்த்தேன்.

"நீ போனதுக்கு அப்பறம் நான் கட்னது இது."

யாரோ போனில் எடுத்துப் போட்டிருந்தார்கள், ரீல்ஸில் பார்த்தேன் என்றேன். கொட்டகைக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். அந்தச் சத்தம் தேய்ந்ததும் அவன் சொன்னான்:

"நீ பொய் சொல்லிகினு கீற. கை சொல்லிட்டு போயிடுச்சி."

எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. குச்சிகளைக் கையில் சரிசெய்துகொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி, அந்தத் திருப்பையே அடித்தான். மறுபடி அதையே. நடையோடு சேர்க்காமல் தனியாக, திரும்பத் திரும்ப. நான் இடது கையை எடுத்துவிட்டேன். கண்ணாடியில் ஒன்றும் இல்லை, கீறலும் கூரையும்தான். விரல்கள் ஒவ்வொரு தடவையும் அவனோடு அடித்தன. எப்போதும் மூடிக்கொள்கிற அந்த ஓரத்து அடியில், மூடுவதற்கு முன் அவன் அடுத்ததைத் தொடங்கியிருந்தான். மூட இடமே கொடுக்கவில்லை. ஏதோ ஒரு சுற்றில் மூன்றும் நீண்டு, உள்ளங்கையில் காற்று பட்டது. வியர்வை ஆறுவது போல் குளிர்ந்தது. நான் அழுததாக நினைவில்லை. அவன் தோள் குலுங்கியது, அடிப்பதாலும் குலுங்கும்.

"தொறந்துச்சா?" என்றான் நிமிராமல்.

"ம்."

குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டான். சட்டியை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டான். கண்ணாடியை எடுத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

கொஞ்ச காலம் கை லேசாக இருந்தது. பிறகு முஷ்டி திரும்பி வந்தது, முன்பு போல அவ்வளவு இறுக்கமாக இல்லை. அவனைப் போனில் கூப்பிட்டால் எடுக்கிறான், நல்லாக் கீறியா என்று கேட்கிறான், வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறான். கொட்டகைக்கு வரச் சொல்வதில்லை.

போன மாதம் எங்கள் கேட்டுக்கு முன்னால் ஒரு சாவு போயிற்று. மேளம் தூரத்தில் வரும்போதே விரல்கள் எழுந்துவிட்டன. அவன்தான், முன்வரிசையில், கண்ணைச் சட்டியிலிருந்து எடுக்காமல் வந்தான். என்னைப் பார்த்தானா தெரியாது. ரோஜா இதழ்கள் கேட் வரைக்கும் பறந்து வந்தன. திருப்பு வர வேண்டிய இடம் வந்தது. இரண்டு குச்சிகளையும் மேலே தூக்கி அப்படியே நிறுத்திவிட்டான். ஆடிக்கொண்டிருந்தவர்களின் கால் அந்தரத்தில் நின்றது. ஒருவன் திரும்பி அவனை முறைத்தான். அந்த அளவு கழிந்ததும் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனான். கொஞ்ச தூரம் போய் மறுபடி அந்த இடம் வந்தபோதும் அதேபோல் விட்டான். எந்தச் சாவிலும் இப்போது அவன் அதை அடிப்பதில்லை என்று செட்டில் இருக்கிற ஒருவன் பிறகு சொன்னான். எல்லோரும் அவனைக் கேலி செய்கிறார்களாம்.

அவன் விட்ட அந்த இடத்தில் என் மூன்று விரல்கள் திறந்தன. முழுசாகத் திறந்து, அடித்து முடித்தன. வலியே இல்லை. மேளம் வளைவைத் தாண்டிப் போகும்வரை ஒவ்வொரு தடவையும் திறந்தன. பிறகு மூடிக்கொண்டன.

பின்னால் ஹாரன் அடித்தது. இடது கையால் கேட்டைத் திறந்துவிட்டேன்.